பாம்பு கடித்த வீட்டில் வாதாடாதீர்கள்

விதைப்புக் காலத்திலும் அரிவு வெட்டுக் காலத்திலும் வன்னியில் பாம்பு கடித்த வீட்டுக்குப் போனால் முற்றத்தில் மூன்று குரல் கேட்கும். அம்மம்மா புதூர் நாகதம்பிரானைக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அன்ரி மடு மண் பொட்டலத்தோடு ஓடிவருவார். படித்த பொடியன் ஒருவன் “உதெல்லாம் மூடநம்பிக்கை, முதல் ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கோ” என்று கத்துவான். அவன் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லால் அம்மம்மாவுக்குக் கோபம் வரும், அன்ரி அழுவார், பெரியப்பா நியாயம் சொல்லத் தொடங்குவார். கடிபட்டவர் திண்ணையில் கிடக்க, கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று வீடு கதைத்துக்கொண்டிருக்கும்.

பிறர் சமய நம்பிக்கையைக் கேள்வி கேட்பது சரியா என்ற கேள்வியை வன்னியில் இப்படியான முற்றங்களில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். எங்கள் முடிவு இது: அந்த நம்பிக்கையால் ஒருவரின் உயிரோ காசோ உரிமையோ போகுமென்றால் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறவர் அதற்குப் பிறகு வரும் வேலையையும் தோளில் ஏற்றவேண்டும். பரியாரியிடம், அதாவது நாட்டு வைத்தியரிடம், போகாதே என்று சொல்கிறவரிடம் மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் இருக்கவேண்டும். அது இல்லாதவர் வாயை மூடிக்கொண்டு, முதலில் வாகனம் தேடட்டும்.

பாம்புக்கடி வீட்டில் என்ன செய்வது? நேர்த்தியை மறிக்கவேண்டாம். ஒரு குத்திக்காசை மஞ்சள் சீலைத் துண்டில் முடிந்து சாமித்தட்டில் வைக்க ஒரு நிமிடம் போதும். “அம்மா, நீங்க காசை முடிஞ்சு வையுங்கோ, நான் மோட்டார் சைக்கிளை எடுக்கிறன்” என்று சொன்னால் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடலாம். உள்ளூர்க் குளக்கட்டுப் பாதையால் அது வந்துசேர நேரமெடுக்கும் என்றால், கடிபட்டவரை நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, மோட்டார் சைக்கிளில் பிரதான வீதிவரை கொண்டுபோய் ஏற்றலாம். அவரை நடக்கவோ ஓடவோ விடக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ தடி வைத்து அசையாமல் கட்டவேண்டும். மோதிரம், காப்பு, கொலுசை உடனே கழற்றவேண்டும்.

மடு மண்ணையும் அப்படித்தான் கையாளவேண்டும். மடுமாதா ஆலய மண் விஷத்தை முறிக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. சைவர்களும் கொண்டுவந்து வீட்டில் வைத்திருப்பார்கள். அதைக் கடிவாயில் பூசினால் புண் பழுதாகும், ஏற்புவலிக் கிருமியும் போகலாம். தண்ணீரில் கரைத்துப் பருக்கினால் இன்னும் ஆபத்து. எட்டடி விரியன் (கட்டுவிரியன்) கடித்தவருக்குத் தொண்டைத் தசை தளர்ந்து விழுங்க ஏலாமல் வரும். அந்த நேரம் வாயில் விடுவது தேசிக்காய்த் தண்ணீரோ மருந்துக் குடிநீரோ ஓதின தண்ணீரோ, எதுவானாலும் சுவாசக் குழாய்க்குள் இறங்கும். ஆகவே “மண்ணைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ, மாதா கூட வாறா எண்டு நினையுங்கோ” என்று சொல்லவேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மண்ணை நம்புகிறவருக்கு மண் கூட இருந்தால் போதும், புண்ணில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எல்லோரும் தவறவிடுகிற இடம் நூல். பூசாரி ஓதிக் கட்டின மஞ்சள் நூல் கடிபட்ட கையிலேயே இருக்கும். புடையன் (கண்ணாடி விரியன்) கடித்த கை விரைவாக முழங்கைவரை வீங்கலாம், நூல் சதைக்குள் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஆஸ்பத்திரியில் தாதி கத்தரிக்கோலை எடுத்ததும் தாய் பதறுவார், ஏனென்றால் நூலை அறுப்பது காவலை அறுப்பது. வீட்டிலேயே அவிழ்த்து மற்றக் கையில் கட்டிவிட்டால் எந்தச் சண்டையும் இல்லை. கட்டின பூசாரியே மாற்றிக் கட்டினால் இன்னும் நல்லது. அவரும் பெரும்பாலும் சம்மதிப்பார், எதற்கு என்று ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தினால்.

பரியாரி மந்திரம் ஓதிப் பார்வை பார்ப்பதில் சுகம் வருகிறது என்று ஏன் இவ்வளவு பேர் உறுதியாகச் சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. கடிக்கிற பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில வேளை விஷம் இறங்குவதில்லை. அப்படிக் கடிபட்டவர் பரியாரியிடம் போனாலும் பிழைப்பார், வீட்டில் படுத்திருந்தாலும் பிழைப்பார். அந்தப் பிழைப்பு பரியாரியின் கணக்கில் சேரும், ஊர் அதைப் பத்து வருடம் கதைக்கும். எட்டடி விரியன் கதை இதற்கு நேர் எதிர். அது இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். நோவு இருக்காது, வீக்கம் இருக்காது, பல் அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்றுநோவு, பிறகு கண்மடல் கீழே விழும், நாக்குத் தடிக்கும். இதைக் கண்டு “காத்துக் கறுப்பு அடிச்சிட்டுது” என்று சொல்லிப் பேயோட்டக் கூட்டிப்போகிறார்கள். இரவு தரையில் படுத்தவருக்கு விடிய வயிற்றுநோவோடு கண்மடல் விழுந்தால் அது பாம்புதான் என்று எண்ணி ஓடவேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலோடும் நம்பிக்கைச் சிக்கல் முடிவதில்லை. அங்கே முதலில் கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். வெளியில் நிற்கிற உறவுக்கு இது “இருபது நிமிசமா ஒண்டும் செய்யேல்லை” என்று தெரியும். பிறகு விஷமுறி ஏற்றுவார்கள். அது இந்தியாவில் நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகக் குதிரையின் குருதியிலிருந்து செய்யப்படுவது. ஏற்றும்போது பலருக்கு நடுக்கம், காய்ச்சல், தோல் தடிப்பு வரும், சிலருக்குச் சுவாசம் முட்டும். அதைச் சமாளிக்கும் மருந்து பக்கத்தில் ஆயத்தமாக இருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், நடுக்கத்தைக் கண்ட தாய் “தெய்வத்தை விட்டிட்டு வந்தம், குற்றம் வந்திட்டுது” என்று நோயாளியை ஒப்பமிட்டுக் கூட்டிப்போய்விடுவார். “மருந்து ஏறேக்க நடுங்கும், அம்மா. டொக்ரருக்கும் அது தெரியும்” என்ற ஒரு வசனத்தை வழியிலேயே சொல்லிவைக்கவேண்டும்.

கத்தியால் கீறுவதையும் இறுக்கிக் கட்டுவதையும் மாத்திரம் கை பிடித்தாவது நிறுத்துங்கள். புடையன் விஷம் ஏறியவரின் இரத்தம் உறையாது, கீறின இடம் நிற்காமல் ஒழுகும். இறுக்கிக் கட்டினால் சதை அழுகும். இங்கே மரியாதை பார்த்து ஒதுங்கி நிற்பது பிழை.

பரியாரிமாரைப் பகையாளி ஆக்கவேண்டாம். விஷகடிப் பரியாரி ஒருவர் “நான் பார்த்திட்டன், இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ” என்று சொல்லும் ஊரில் எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் தேவையில்லை. அதை அவர் சொல்லவேண்டுமானால், பாம்பு கடிக்காத ஒரு நாளில் அவரிடம் போய் இருந்து கதைக்கவேண்டும். அவருக்குப் பாம்பு இனம் பிரிக்கத் தெரியும். அந்த அறிவை மதித்துத் தொடங்கினால் மிச்சத்தைக் கேட்பார். சுகமாகி வந்தவர் நேர்த்திக் காசைச் செலுத்தப் போகும்போது, மோட்டார் சைக்கிள் ஓடின பொடியனும் கூடப் போகட்டும். அடுத்த முறை அவன் சொல்லுக்கு வீட்டில் எடை இருக்கும்.

எல்லா நம்பிக்கையையும் தொடவேண்டும் என்றும் இல்லை. குளக்கட்டில் ஐயனார் இருக்கிற இடத்து மருதை வெட்டினால் கண் போகும் என்று ஊர் நம்புகிறது. அந்த மரத்தின் வேர் கட்டின் மண்ணைப் பிடித்து நிற்கிறது. நாகத்தைக் கொல்லக்கூடாது என்கிறார்கள், நாகம் வயலில் எலி பிடிக்கிறது. ஏ-9 வீதியால் போகிற சாரதி முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறுகிறார். நீண்ட ஓட்டத்தில் அது நல்லதொரு ஓய்வு. இவற்றில் போய் அறிவியல் பேசுவது வீண்வேலை என்பதைவிட, கெடுதல் என்றே சொல்வோம்.

1977இலும் 1983இலும் வன்செயலுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கங்களில் குடியேறிய மக்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் காமன் கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். “உது சைவமில்லை” என்று ஆகமம் படித்தவர்கள் அவர்களுக்குச் சொல்வது இன்றும் நடக்கிறது. ஆறுமுக நாவலர் (1822–1879) கிறிஸ்தவ மிசனரிகளை எதிர்த்து எழுதியவர், அதே கையால் பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். எதிர்க்கிற சமயத்தின் நூலை வரிக்கு வரி அறிந்திருந்தார், அதனால் அவர் கண்டனத்துக்குக் கனம் இருந்தது. சிறுதெய்வ வழிபாட்டையும் பலியையும் கூட அவர் கண்டித்தார். அதைத் தொடர்ந்த அலையில் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் பெயர் மாறின. வன்னியின் வற்றாப்பளைக் கோயில் கண்ணகியாகவே நின்றது. வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து உப்புநீரில் விளக்கு எரிக்கும் வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. ஆகவே மேலே நிற்கிறவர் கீழே நிற்கிறவரின் கும்பிடைத் திருத்த வரும்போது, அவர் கேட்பது உண்மையா அந்தஸ்தா என்று ஒருமுறை பாருங்கள். சாதி சொல்லி ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் மறித்தால் அங்கே வாதமே தேவையில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

இனி, கையை மிக மெதுவாக வைக்கவேண்டிய இடம்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் சாதகத்தைக் கொண்டு சாத்திரியிடம் போகிற தாய்மார் வன்னியில் எத்தனையோ பேர். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்களும் அவர்கள்தான். வாக்குச் சொல்கிறவர் “தெற்குப் பக்கம், தண்ணி கிட்ட இருக்கிற இடத்தில இருக்கிறார், அடுத்த ஆடிக்குள்ள வருவார்” என்பார். இதைக் கேட்டுவந்த தாயிடம் “பிள்ளை செத்திட்டுது, அம்மா” என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை, ஏனென்றால் சொல்கிறவருக்கும் தெரியாது. “கட்டாயம் இருக்கிறார்” என்பதும் அதே பிழை. அவரின் நம்பிக்கையைத் தொடாமல் காசைப் பற்றிக் கேட்கலாம். எத்தனை முறை போனீர்கள், ஒரு முறைக்கு எவ்வளவு, எந்த நகையை அடகு வைத்தீர்கள்? கழிப்புக் கழிக்க என்று ஆயிரக்கணக்கில் கேட்கத் தொடங்குகிற இடத்தில் ஒரு எல்லை வைக்கச் சொல்லலாம்.

பயன் தருகிற ஒரு வழி உண்டு. ஒரு சீ.ஆர். கொப்பி. சாத்திரி சொன்னதைத் திகதியோடு, சொன்ன வசனத்திலேயே தாய் எழுதிவைக்கட்டும், எழுத ஏலாதவருக்குப் பேத்தி எழுதிக்கொடுக்கட்டும். அடுத்த ஆடி வரும்போது கொப்பியை எடுத்துப் பார்ப்பவர் அவர்தான். நாங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. அதே கொப்பியின் பின்பக்கத்தில் பிள்ளை கடைசியாகக் காணப்பட்ட திகதி, இடம், கூட நின்றவர்கள், முறைப்பாட்டு இலக்கங்கள் எல்லாவற்றையும் எழுதலாம், எந்த அலுவலகத்துக்கும் அது தேவைப்படும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, இறப்புச் சான்றிதழ் எடுக்காமலே, ஆள் காணப்படவில்லை என்பதற்கு மட்டும் சான்றிதழ் எடுக்கலாம். பிள்ளை இறந்துவிட்டதாக எழுதிக்கொடுக்க மனம் ஒப்பாத தாய்க்கு இது பெரிய ஆறுதல். ஆனால் படிவத்தோடு அலுவலகத்துக்குக் கூடப் போக ஒருவர் வேண்டும். சாத்திரி பொய் என்று சொன்னவர் அன்று லீவு போட்டுக் கூடப் போகவேண்டும்.

திதி கொடுக்கச் சொல்லி உறவுகள் நெருக்குவதும், கணவர் காணாமல் போன பெண்ணின் பொட்டைப் பற்றி முணுமுணுப்பதும் இதோடு சேர்ந்தவை. கணவன் இல்லாத பெண் மங்கல காரியத்துக்கு ஆகாதவள் என்ற இந்த நம்பிக்கையை எதிர்க்கவேண்டும், வெளிப்படையாகவே. யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் பெண்ணே தலைமை தாங்குகிற வீடுகள் இத்தனை இருக்க, சாமத்திய வீட்டில் (பூப்புனித விழாவில்) ஆலத்தி எடுக்க அவர்களைப் பின்னுக்கு நிறுத்துவது கொடுமை. மேடையில் பேசுவதால் இது மாறாது. குடும்பத்தில் மூத்த பெண், முடிந்தால் மாமியாரே, விழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்பே “நீதான் பிள்ளை முதல் ஆலத்தி” என்று சொல்லி, ஆலத்திச் சோடிகளின் பெயர்களை எழுதும்போதே அவரின் பெயரைச் சேர்க்கவேண்டும். அந்த இடத்தில் திடீரென்று கூப்பிட்டால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள், அந்தப் பெண் அவமானப்பட்டுத் திரும்புவார். துணிவு காட்டினவருக்கு ஒன்றும் ஆகாது, அடி விழுவது அந்தப் பெண்ணுக்கு.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்திருக்கவேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தைத் தருகிறது. விரும்பிய சமயத்தைத் தழுவும் உரிமையும் அதற்குள் அடக்கம், அதைக் கட்டுப்படுத்த முடியாது. 14(1)(உ) வழிபாடு, அனுட்டானம், சாதனை, போதனை ஆகியவற்றுக்கான உரிமை. சமயத்தைப் பரப்பும் உரிமை இதற்குள் இல்லை என்று உயர்நீதிமன்றம் 2003இல் சொன்னது. கண்டனம் செய்கிறவர் கவனிக்கவேண்டியது தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகளும், ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் எனப்படும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவும். பின்னையது வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்தது, ஆனால் சாதாரண எழுத்துக்கும் பாய்ந்திருக்கிறது. சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி ஏறக்குறைய நான்கு மாதம் மறியலில் இருந்தார், ஏனென்றால் அந்தச் சட்டத்தில் பிணை கொடுக்க மேல் நீதிமன்றத்தால்தான் முடியும். ஆகவே முகநூலில் கோபத்தோடு எழுதுவதற்கு முன், ஒரு செயலைக் கண்டிக்கிறீர்களா, ஒரு சமயத்தவர் முழுப்பேரையும் ஏசுகிறீர்களா என்று வசனத்தைத் திருப்பி வாசியுங்கள்.

வழிபட விடாமல் தடுப்பது வேறு விடயம், அதை நம்பிக்கை பற்றிய விவாதமாக எடுக்கவே கூடாது. நெடுங்கேணி வெடுக்குநாறி மலையில் 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவு, வழிபாட்டில் நின்ற எட்டுப் பேரைப் பொலிசார் கைது செய்தார்கள். மார்ச் 19இல் வவுனியா நீதிமன்றம் விடுவித்தது. இப்படி நடந்தால் காலக்கெடுதான் முக்கியம். அடிப்படை உரிமை மீறல் மனுவை 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் போடவேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தையும் பிரதியையும் கையில் வாங்காமல் திரும்பவேண்டாம்.

சமயங்களுக்கிடையே வருகிற சண்டைகளில் பெரும்பாலானவற்றில் கொள்கையே கிடையாது. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், மன்னார்த் திருக்கேதீச்சர வீதியில் சிவன் கோயிலின் அலங்கார வளைவு பிடுங்கப்பட்டது. சிவனா யேசுவா என்று அங்கே எவரும் கேட்கவில்லை, வளைவு எந்த இடத்தில் நிற்பது என்பதே பிணக்கு. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆட்கள் மன்னார்க் கத்தோலிக்கரைக் கொன்றதையும், போர்த்துக்கேயர் கோயில்களை இடித்ததையும், ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தைக் கத்தோலிக்கர் மாதா சொரூபத்தோடு மடுக் காட்டுக்குள் போனதையும் ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே இரு ஆலயப் பொறுப்பாளர்களும் இருந்து வளைவின் இடம், அகலம், கழற்றும் திகதி, ஒலிபெருக்கி நேரம் ஆகியவற்றை எழுதி ஒப்பமிட்டால் இதில் பாதி வராது.

கிறிஸ்தவச் சபைக்குப் போகத் தொடங்கிய உறவினரோடு கதைக்கும்போது மூன்று இடங்களைத் தவிர்க்கவேண்டும்: பிள்ளைகள் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில், செத்த வீட்டில். “தகரத்துக்கும் கடனுக்கும் மாறினவை” என்ற பேச்சு அவர்களைப் புண்படுத்துகிறது. சொந்தச் சனம் திரும்பிப் பாராத காலத்தில் சபைக்காரர் வந்து சமைத்துக்கொடுத்து, பக்கத்தில் இருந்து செபித்திருப்பார்கள். சபைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சொல்வோம்: பாலர் பாடசாலைப் பிள்ளையின் நெற்றித் திருநீற்றை அழிப்பதும், வருத்தக்காரரிடம் “மாத்திரையை நிப்பாட்டு, விசுவாசி” என்பதும் போதனை ஆகாது. நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம், அதற்கு எந்தப் போதகரும் பொறுப்பெடுக்கமாட்டார்.

கடைசியாகச் செத்த வீடு. ஒரே வீட்டில் இரண்டு சமயம் இருந்தால் வெடிப்பது அன்றுதான். மகன் கொள்ளி வைக்க நிற்பான், சபை அடக்கம் செய்யக் கேட்கும், மயானத்தில் “இது எங்கட சுடலை” என்று இன்னொரு கூட்டம் மறிக்கும். உடல் வெயிலில் காத்திருக்கும். இதைச் சாகிறவர் உயிரோடு இருக்கும்போதே கேட்கவேண்டும், அப்படிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. எரிப்பதா தாழ்ப்பதா, எந்த மயானம், வீட்டில் யார் செபிப்பது அல்லது தேவாரம் பாடுவது, எது முதல், அந்தியேட்டி உண்டா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி, அவரும் இரண்டு சமயத்திலிருந்தும் ஒவ்வொரு சாட்சியும் ஒப்பமிடவேண்டும். மயானம் பிரதேச சபையின் பொறுப்பில் இருக்கிறதா என்று முன்பே விசாரித்து வையுங்கள், பொது மயானம் என்றால் சமயம் சொல்லி எவரும் மறிக்க ஏலாது. தாளின் ஒரு பிரதியைக் கிராம சேவையாளரிடமும் ஒன்றைப் பக்கத்து வீட்டிலும் கொடுத்துவைக்கவேண்டும். செத்த அன்று அந்த வீட்டில் றங்குப்பெட்டித் திறப்பு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.